ஒத்திகைக் கணக்கும் உண்மைக் கணக்கும்



வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் செஞ்சியில் ஆட்டுச் சந்தை கூடுவதைப் பலரும் அறிவீர்கள். இருள் பிரியும் முன்பே சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆடுகள் வந்து இறங்கிவிடும். வெளியூர் வியாபாரிகளும் வந்து சேர்ந்துவிடுவார்கள். பக்ரீத் நெருங்கிவிட்டால் அந்தப் பக்கம் நடக்கவும் இடமிராது.

அந்தச் சந்தையில் நீங்கள் ஓர் ஆட்டை 9,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கயிறு உங்கள் கைக்கு வந்த அதே நிமிடத்தில், அதே இடத்தில், அதனைத் திருப்பி விற்க முயன்று பாருங்கள். 8,500 ரூபாய்க்கு மேல் கேட்பதற்கு ஆள் வரமாட்டார். ஆடு இளைக்கவில்லை, நோய் காணவில்லை, சந்தை நிலவரமும் மாறவில்லை. ஆயினும் 500 ரூபாய் போய்விட்டது. இனி ஆட்டின் விலை 500 ரூபாய் ஏறினால்தான் உங்கள் முதல் உங்களுக்குத் திரும்பும். அதற்கும் மேல் ஏறினால்தான் இலாபம் என்ற சொல்லையே உச்சரிக்கலாம்.

இந்தச் சிறிய உண்மையை ஏட்டுப் படிப்பில்லாத விவசாயியும் அறிவார். ஆனால் பட்டம் பெற்று, கணினி கற்று, கைப்பேசியைக் கையில் வைத்தபடியே உறங்குகிற நம் பிள்ளைகளில் சிலர் இதனை அறியாதிருக்கிறார்கள். அந்த அறியாமைக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையை அண்மையில் என் கண்ணெதிரே கண்டேன். அதில் என் பிழையும் ஒரு பங்கு உண்டு. ஆகவேதான் இம்மாதம் இதனை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன். இப்போது வயது 24. வணிகவியலில் பட்டம் பெற்று, ஒரு கடையில் மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளத்திற்குக் கணக்கு எழுதுகிறான். தந்தை இல்லை. தாயும், திருமணத்திற்குக் காத்திருக்கும் மூத்த சகோதரியும் இருக்கிறார்கள். சகோதரி வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்து உழைப்பவர்.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது அவன் வந்தான்.

“ஹஜ்ரத், வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் வணிகம் இப்போது கைப்பேசியிலேயே நடக்கிறது. பணம் கட்டாமல் பழகிப் பார்ப்பதற்கு டெமோ கணக்கு என்று ஒன்றும் தருகிறார்கள். பழகிப் பார்க்கலாமா?”

“பணம் கட்டாத பழக்கம்தானே தம்பி, அதில் என்ன பாதகம்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடைதான் என் பிழை.

மூன்று மாதங்கள் சென்றபின் மலர்ந்த முகத்தோடு மீண்டும் வந்தான். அந்த நிறுவனம் அவனுடைய ஒத்திகைக் கணக்கில் 10,000 டாலர் என்று ஓர் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தது. அது இப்போது 10,300 ஆகியிருந்தது. “மாதம் 100 டாலர், ஹஜ்ரத். என் சம்பளத்தில் பாதிக்கும் மேல். இனி உண்மைக் கணக்குத் தொடங்கப் போகிறேன். அதிலும் முஸ்லிம்களுக்கென்று வட்டியில்லாத ‘இஸ்லாமியக் கணக்கு’ இருக்கிறதாம்” என்றான். “கொஞ்சம் பொறு, விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். அவன் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் அவன் வந்தபோது முகத்தில் ஒளி இல்லை. அக்காவின் திருமணத்திற்கென்று சேர்த்து வைத்திருந்த 44,000 ரூபாயை, வீட்டில் எவருக்கும் சொல்லாமல், கட்டியிருக்கிறான். கணக்கில் 500 டாலர் வரவாகியது. ஒரே மாதத்தில் அது 255 ஆகக் கரைந்துவிட்டது.

“ஒத்திகையில் வென்றேன், உண்மையில் தோற்றேன். எங்கே தவறினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஹஜ்ரத்” என்று அவன் கண் கலங்கினான்.

நான் வரலாற்றில் பி.ஏ. படித்தவன். பொருளியல் என் துறையன்று. ஆயினும் கூட்டலும் கழித்தலும் எல்லாத் துறைக்கும் பொதுவானவை அல்லவா? அவனுடைய வணிகப் பட்டியல் முழுவதையும் தாளில் எழுதச் சொல்லி, இரண்டு மாலைப் பொழுதுகள் இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அதில் கண்டவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த ஒத்திகையில் இப்போது ஈடுபட்டிருக்கலாம்.

முதலில் இந்த வணிகம் இன்னதென்று பார்ப்போம். ஒரு நாணயத்தை மற்றொரு நாணயத்தின் விலையில் வாங்கி விற்பதே இது. யூரோவை டாலர் விலையில் வாங்குகிறார்கள். ஒரு யூரோ 1.1000 டாலர் என்று இருந்தால், நான்காவது புள்ளியில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றத்திற்கு, அதாவது 0.0001க்கு, ‘பிப்’ என்று பெயர். 10,000 யூரோ அளவுக்கு வணிகம் செய்தால் ஒரு பிப் என்பது ஒரு டாலர். கையில் 500 டாலர் மட்டுமே இருப்பவர் 10,000 யூரோவுக்கு எப்படி வணிகம் செய்வார் என்று கேட்பீர்கள். மீதியைத் தரகு நிறுவனமே கடன்போலத் தாங்கிக்கொள்கிறது. இதனை ‘லெவரேஜ்’ என்கிறார்கள். நம் மாணவன் தன் முதலைப்போல் 22 மடங்கு பெரிய சுமையைத் தூக்கியிருந்தான்.

இனிச் செலவுகளுக்கு வருவோம். அவை நான்கு வாசல்கள் வழியாக வெளியேறுகின்றன.

முதல் வாசல், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் நம் உறவினர்கள் ரியாலையும் திர்ஹமையும் மாற்றப் போகும்போது, நாணயமாற்றுக் கடைப் பலகையில் ஒவ்வொரு நாணயத்திற்கும் இரண்டு விலைகள் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கடைக்காரர் வாங்கும் விலை குறைவு. அவர் விற்கும் விலை அதிகம். இடையிலிருப்பது அவருக்கான ஆதாயம். கைப்பேசித் திரையிலும் இதே பலகைதான் இருக்கிறது. அங்கே அதற்கு ‘ஸ்பிரெட்’ என்று பெயர். 1.1000 என்றும் 1.1002 என்றும் இரண்டு விலைகள் தெரிந்தால், நீங்கள் வாங்குவது 1.1002க்கு, அக்கணமே விற்றால் கிடைப்பது 1.1000. இடைவெளி 2 பிப். 10,000 யூரோ வணிகத்தில் 2 டாலர். வணிகத்தில் நுழைந்த கணத்திலேயே 2 டாலர் நட்டத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நம் ஊர்ச் சந்தையின் ஆடுதான் இது.

நாணயம் மாற்றுவதற்கு விலை உண்டு என்பது நம் மண்ணுக்குப் புதிய செய்தியன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியில் வராகன், பணம், காசு, ரூபாய் எனப் பலவகை நாணயங்கள் ஒரே காலத்தில் புழங்கின. சென்னைப் பட்டணக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற வேண்டுமானால் சராப்பிடம் போகவேண்டும். அவர் நாணயத்தை உரைத்து, நிறுத்து, அதற்குரிய ‘வட்டத்தை’க் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். 1818இல் சென்னை மாகாணத்திற்கு வெள்ளி ரூபாய் பொது நாணயமாக்கப்படும் வரை இதுவே நடைமுறை. சராப்பு வட்டம் எவ்வளவு என்பதை வாய்விட்டுச் சொன்னார். திரையில் இருக்கும் சராப்பு அதனை இரண்டு எண்களுக்கு இடையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். வேறுபாடு இவ்வளவே.

இரண்டாவது வாசல், தரகு. சில கணக்குகளில் இடைவெளி மிகச் சிறியதாகக் காட்டப்படும். ஆனால் ஒவ்வொரு வணிகத்திற்கும் தனியாகத் தரகுக் கட்டணம் உண்டு. ‘தரகு இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கணக்குகளில் இடைவெளி அகன்றிருக்கும். ஒரு கையால் விடுவதை மறு கையால் எடுத்துக்கொள்வதே வழக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்தாலன்றி எந்தக் கணக்கு மலிவு என்று சொல்ல இயலாது.

மூன்றாவது வாசல், இரவுக் கட்டணம். நியூயார்க் நகரில் மாலை 5 மணி, அதாவது நமக்குக் கோடைக்காலத்தில் பின்னிரவு 2.30, குளிர்காலத்தில் 3.30. அந்த நேரத்தைத் தாண்டி ஒரு வணிகத்தை முடிக்காமல் வைத்திருந்தால், இரு நாணயங்களின் வட்டி விகித வேறுபாட்டைக் கணக்கிட்டு ஒரு தொகை கழிக்கப்படும். சில வேளைகளில் சேர்க்கவும்படும். இதற்கு ‘ஸ்வாப்’ என்று பெயர். நாணய வணிகத்தில் தீர்வுக்கு இரண்டு வேலை நாட்கள் என்பது பொது வழக்கம். அதனால் வார இறுதி விடுமுறைக்கும் சேர்த்து, பெரும்பாலான நாணய இணைகளுக்குப் புதன்கிழமை இரவில் மூன்று நாள் கட்டணம் எழுதப்படும். இதனை அறியாதவர் வியாழன் காலையில் கணக்கைப் பார்த்துத் திகைப்பார்.

நான்காவது வாசல், விலை நழுவல். “இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடு” என்று முன்கூட்டியே ஆணை கொடுத்து வைக்கலாம். ஆனால் விலை வேகமாக ஓடும்போது நீங்கள் சொன்ன இடத்தில் வாங்குவோர் இருக்கமாட்டார். அடுத்துக் கிடைக்கும் விலைக்குத்தான் விற்பனை முடியும். இதன் கொடிய எடுத்துக்காட்டு 2015 ஜனவரி 15ஆம் நாள் நடந்தது. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று 2011 செப்டம்பரில் உறுதியளித்திருந்த சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, அந்த உறுதியை அன்று திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை பாதாளத்தில் விழுந்தது. 1.20க்குச் சற்றுக் கீழே காவல் வைத்திருந்தவர்களின் ஆணைகள் எங்கோ கீழே போய் நிறைவேறின. கட்டிய முதலுக்கு மேலும் கடன்பட்டவர்கள் உண்டு. தரகு நிறுவனங்களே சில மூழ்கின.

வாசகர்களே, இந்த நான்கு வாசல்களும் ஒத்திகைக் கணக்கில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒத்திகைக் கணக்கு எதுவானாலும் நீங்கள் கொடுக்கும் ஆணை எந்தச் சந்தைக்கும் போவதில்லை. நிறுவனத்தின் கணினியே ‘வாங்கியாயிற்று’ என்று எழுதிக்கொள்கிறது. ஆகவே விலை நழுவலுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. தொட்ட விலையிலேயே வணிகம் முடியும். இடைவெளி பல வேளைகளில் நிறுவனத்தின் மிக மலிவான கணக்குக்கு உரியதாக, சந்தை அமைதியாக உள்ள நேரத்திற்கு உரியதாகக் காட்டப்படும். முக்கியமான பொருளாதார அறிவிப்புகள் வெளிவரும் நேரத்தில் உண்மைக் கணக்கில் அது பன்மடங்கு விரியும். தரகும் இரவுக் கட்டணமும் சில ஒத்திகைகளில் கழிக்கப்படுவதே இல்லை. கழிக்கப்பட்டாலும் பழகுபவர் கண்ணில் படுவதில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் என்று நான் கூறமாட்டேன். நேர்மையாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால் அவர்களாலும் நீக்க முடியாத மறைப்பு ஒன்று இருக்கிறது. அது முதலின் அளவு.

நம் மாணவனின் கணக்கைப் பாருங்கள். ஒத்திகையில் நாளொன்றுக்கு 5 வணிகம், மாதத்தில் 22 நாட்கள், ஆக 110 வணிகம். ஒவ்வொன்றும் 10,000 யூரோ. அங்கே காட்டப்பட்ட இடைவெளி 1 பிப், அதாவது 1 டாலர். மாதச் செலவு 110 டாலர். 10,000 டாலர் முதலில் இது 1.1 விழுக்காடு. சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்போல அது கண்ணுக்குத் தெரியவில்லை.

உண்மைக் கணக்கில் அவனுடைய பழக்கம் மாறவில்லை. அதே 110 வணிகம், அதே 10,000 யூரோ. ஆனால் அவன் தேர்ந்தெடுத்த கணக்கில் இடைவெளி 2 பிப். மாதச் செலவு 220 டாலர். முதலோ 500 டாலர். செலவு மட்டும் முதலில் 44 விழுக்காடு! ஒரே மாதத்தில் 44 விழுக்காடு ஆதாயம் ஈட்டினால்தான் போட்ட முதல் போட்டபடி இருக்கும். எந்த வணிகத்தில் இது நடக்கும்?

“நீ ஒத்திகையில் வென்ற 300 டாலரையும் உரைத்துப் பார்ப்போம்” என்றேன். மூன்று மாதத்தில் 330 வணிகம். இடைவெளி ஒரே ஒரு பிப் கூடுதலாக இருந்திருந்தால் 330 டாலர் அதிகம் செலவாகியிருக்கும். 300 டாலர் இலாபம் 30 டாலர் நட்டமாகியிருக்கும். தன் திறமை என்று அவன் மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தது, அங்கே எழுதப்படாமல் விடப்பட்ட செலவுதான். இதைக் கேட்டபோது அவன் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு உண்மைக் கணக்கின் மாத வரவு செலவைக் கூட்டினோம். விலையின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் பார்த்தால் அவனுக்கு 40 டாலர் ஆதாயமே இருந்தது. அவன் கணிப்பு அவ்வளவு மோசமில்லை. ஆனால் இடைவெளியில் 220 டாலர், விலை நழுவலில் 37 டாலர், ‘நிர்வாகக் கட்டணம்’ என்ற பெயரில் 28 டாலர், ஆக 285 டாலர் செலவு. 500டன் 40ஐக் கூட்டி 285ஐக் கழித்தால் 255. மிச்சத்தைத் திரும்ப எடுக்கும்போது எடுப்புக் கட்டணம், டாலரை ரூபாயாக்கும் கட்டணம் எல்லாம் போக, கைக்கு வந்தது 21,000 ரூபாய். போனது 23,000.

அந்த 28 டாலரைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்லவேண்டும்.

அவன் தேர்ந்தது ‘இஸ்லாமியக் கணக்கு’ என்றேன் அல்லவா? இரவுக் கட்டணம் வட்டியின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால், அதனைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்கென்று பல நிறுவனங்கள் இத்தகைய கணக்குகளை வைத்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றில், நீக்கப்பட்ட இரவுக் கட்டணத்தின் இடத்தில் நிர்வாகக் கட்டணம் வந்து அமர்கிறது. அல்லது இடைவெளி அகலப்படுத்தப்படுகிறது. நம் மாணவனின் கணக்கில் இரண்டும் நடந்திருந்தன. பெயர்ப்பலகை மாறியது, கல்லாப்பெட்டி மாறவில்லை.

நாணயத்தை நாணயத்திற்கு மாற்றும்போது இரு தரப்பும் அந்த இடத்திலேயே கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஸர்ஃப்’ என்ற தலைப்பின் கீழ் மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடம். இந்தக் கடன் சுமந்த வணிகத்தைக் குறித்து 2006 ஏப்ரலில் மக்காவில் கூடிய ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை, தனது 18ஆவது அமர்வில் ஆராய்ந்து, இது கூடாது என்று முடிவு செய்தது. இரவுக் கட்டணத்தில் உள்ள வட்டி, கடன் கொடுப்பவரிடமே தரகும் கொடுக்க வேண்டும் என்ற பிணைப்பு ஆகியவை அது கூறிய காரணங்களில் அடங்கும். “விசாரித்துச் சொல்கிறேன்” என்று அவனிடம் சொன்னேனே, அந்த விசாரணையின் விடை இதுதான். நான் அதனைத் தேடி எடுப்பதற்குள் பணம் போய்விட்டது. முதல் நாளே தேடியிருக்க வேண்டும்.

மார்க்கத்தின் தீர்ப்பு ஒருபுறம் இருக்க, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெற்ற அமைப்புகளின் வழியாக, அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்கு மட்டுமே அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மார்ஜின் தொகை அனுப்புவதற்குத் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழும் அனுமதி இல்லை. 2022 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதனைத் தெளிவாக எச்சரித்தது. அவ்வாறு செய்வோர் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி நடவடிக்கைக்கு உள்ளாகலாம். 2022 செப்டம்பர் 7ஆம் நாள் அனுமதியற்ற 34 அமைப்புகளின் பெயர்ப் பட்டியலை அது வெளியிட்டது. பின்னர் அப்பட்டியல் பலமுறை நீண்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாததனாலேயே ஒரு நிறுவனம் அனுமதி பெற்றது என்று கொள்ளக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் நடக்கும் நாணய முன்பேர வணிகமும், அந்நிய நாணயத்தில் உண்மையான வரவோ கடமையோ உள்ளவர்கள் அதன் ஏற்ற இறக்கத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்கே உரியது. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் இதனை வலியுறுத்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தன.

ஒத்திகை விளையாட்டுகளையும் அரசு கவனிக்காமல் இல்லை. பங்கு விலைகளை உடனுக்குடன் எடுத்துப் பொய்ப் பணத்தில் வணிகம் நடத்தும் செயலிகள் பெருகியதைக் கண்டு, அத்தகையவற்றுக்கு உடனடி விலை விவரங்களைத் தரக்கூடாது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 மே மாதம் சந்தைகளுக்கு ஆணையிட்டது.

“எல்லோருமா தோற்கிறார்கள்?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய கடன் சுமந்த வணிகக் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை நட்டமடைகின்றன. நம் நாட்டில் நாணய வணிகம் பற்றியதல்லாவிட்டாலும், பங்கு முன்பேர வணிகம் பற்றி செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கண் திறக்கக்கூடியது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24 ஆண்டில் ஒருவர் சராசரியாக 26,000 ரூபாயை வணிகச் செலவாக மட்டும் கொடுத்திருக்கிறார். வென்றவரும் கொடுத்தார்; தோற்றவரும் கொடுத்தார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. இலாபம் வரலாம், வராமலும் போகலாம். செலவு மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும். ஒத்திகைக் கணக்கு, வரக்கூடியதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வந்தே தீருவதைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே அதில் வென்றவர் வணிகம் கற்றவர் ஆகமாட்டார். பொத்தானை எங்கே அழுத்துவது என்று கற்றவர், அவ்வளவே.

பெற்றோர்களே, குறிப்பாகத் தாய்மார்களே! உங்கள் பிள்ளை கைப்பேசியில் டாலர் கணக்கைக் காட்டி மகிழ்ந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் மறைத்துச் செய்வான். அருகில் அமர்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த நிறுவனத்திற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா? ஒரு முறை வாங்கி விற்க எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு? மாதத்தில் எத்தனை முறை வாங்கி விற்கிறாய்? அந்த இரண்டையும் பெருக்கினால், நீ உண்மையில் போடப்போகும் முதலில் எத்தனை விழுக்காடு? முதல் கேள்விக்கே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். முடியாவிட்டால் நான்காவது கேள்வி முடித்துவைக்கும். இவற்றைக் கேட்க ஆங்கிலமோ பட்டமோ வேண்டியதில்லை. மளிகைக் கடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். “அக்காவிடம் நீயே சொல்ல வேண்டும்” என்று வற்புறுத்தினேன். சொன்னான். சகோதரி இரண்டு நாட்கள் அவனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தாராம். ஒரு ரவிக்கைக்குத் தையற்கூலி 150 ரூபாய் என்று எழுதி, 23,000ஐ அதனால் வகுத்து, கீழே 153 என்று குறித்திருந்தார். 153 ரவிக்கைகள்! டாலரிலும் பிப்பிலும் விளங்காத கணக்கு அந்த ஒரு வரியில் அவனுக்கு விளங்கிவிட்டது.

இப்போது மாதம் 2,000 ரூபாய் வீதம் திருப்பிக் கொடுத்து வருகிறான். அந்த நோட்டுப் புத்தகத்திலேயே அக்கா வரவு வைக்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை சந்தைப் பக்கம் அவனைக் கண்டேன். அக்காவின் சேமிப்பில் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கி வளர்க்கலாம் என்று விலை விசாரிக்க வந்திருந்தான்.

“என்ன தம்பி, விலை கேட்டாயா?” என்றேன்.

“கேட்டேன், ஹஜ்ரத். திருப்பி விற்றால் என்ன தருவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டேன்” என்றான்.